அது என்னுடைய பத்தியச் சீட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பாப்பா சுகமா என்று வழக்கம்போல எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று மாதமாக எடை துளிகூட ஏறவில்லை என்று அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். அதை அவள் என்னிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. எனக்குக் கோபம் வந்தால் நெஞ்சுக்கு ஆகாதாம். வந்துவிட்டது, என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசினோமே, அப்போது பாப்பா உயர நாற்காலியில் உட்கார்ந்து அவித்த கேரட்டைத் துப்பிக்கொண்டிருந்தாள், சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது. பின்னால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூலையில் பெருவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. அந்த விரல் என்னுடையது அம்மாடி. என் நெஞ்சுவலிக்கு டாக்டர் எழுதித்தந்த பத்தியச் சீட்டு. போன தடவை வந்தபோது அதை நீ போட்டோ எடுத்தாய், அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நம் வம்சத்துக்கே நெஞ்சு பலவீனம், அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இதே சாப்பாடுதான் என்று அம்மாவிடம் பெருமை வேறு அடித்தாயாம். எண்ணெய் தொடாதே, கடலை தொடாதே, பாலில் ஆடையை எடு. அறுபத்து மூன்று வயதுக் கிழவனுக்கு எழுதியதை ஆறு பல் முளைத்த குழந்தைக்கு ஊட்டியிருக்கிறாயே, இரண்டு பட்டம் வாங்கிய புத்தி எங்கே மேயப் போயிற்று?

முப்பது வருஷமாக எண்ணெய் மில்லில் எள்ளையும் கடலையும் ஆட்டுகிறேன், நீ வளர்ந்ததும் அந்த எண்ணெயில்தான். போன மாதம் பார்த்துப் பார்த்து ஆட்டி ஒரு டின் அனுப்பினேன். கதவுக் கீலுக்கு விட்டோம் மாமா, இப்ப சத்தமே இல்லை என்று மாப்பிள்ளை நன்றி சொன்னார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன், இன்றைக்குப் பற்றி எரிகிறது. கதவு கொழுத்துவிட்டது, குழந்தை காய்ந்துவிட்டது.

மில்காரன் தன் சரக்கைத்தானே புகழ்வான் என்பாய். அதனால் தெருமுனை ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு எடை போடும் நர்ஸம்மாவிடமே போய்க் கேட்டேன். என்ன பெரியவரே இது, ரெண்டு வயசு வரைக்கும் மூளை வளர்றதுக்கே கொழுப்பு வேணும், அதை நிறுத்தினா பிள்ளை எப்படி வளரும் என்று என்னைப் பிடித்துத் திட்டினார். சின்ன வயிறு, நாலு வாயிலேயே ரொம்பிடும், அந்த நாலு வாயில சத்து இருக்க வேணாமா, கஞ்சியில ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விடச் சொல்லுங்க, கடலையையும் எள்ளையும் வழவழன்னு அரைச்சுத் தளர்வாக் கலக்கச் சொல்லுங்க, முழுசாக் கொடுத்தா தொண்டையில சிக்கிக்கும் என்றார். முதலில் விரல் நுனி அளவு, ஒவ்வொன்றாக, உடம்பு தடித்தாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். எப்படியும் அங்கே ஒரு குழந்தை டாக்டரிடம் உடனே காட்டு, மூன்று மாதம் சும்மா இருக்கிற விஷயமா இது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்க்கிறேன் என்கிறாய், கண்ணுக்கு விட்டது போதும், கஞ்சிக்கு விடு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லாதே. அந்தச் சீட்டின்படி நான் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை. மில்லுக்கு எதிர்க்கடையில் பொரித்ததைத் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். என் பத்தியத்தை ஒழுங்காகக் காத்தவள் பாப்பா ஒருத்திதான். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, கோபம் உன் மேல் மட்டும் இல்லை.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். டாக்டர் சொன்னதையும் பாப்பாவின் எடையையும் எழுது, மறந்துவிடாதே. இதைப் படித்து முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்துப்போடு. என் பத்தியத்தை இன்று முதல் நானே இருந்துகொள்கிறேன், எனக்கு நிறுத்திய எண்ணெயைப் பாப்பாவுக்கு ஊற்று.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அப்பா