மதினி வீட்டுக்கு முதல் பலகாரம்

வம்புக்கென்றே பிறந்த என் அண்ணனுக்கு,

காலையிலிருந்து மூன்று தடவை அடுப்பைப் பற்றவைத்து மூன்று தடவையும் அணைத்துவிட்டேன். பாசிப்பயறு பாதி வறுபட்டுக் கிடக்கிறது. பர்மிங்காமில் மழை. சன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை.

நீ போன பிறகு வரும் முதல் தீபாவளி இது. வருஷம் திரும்பும்வரை சங்கரன்கோவிலில் நம் வீட்டு அடுப்பில் பலகாரச் சட்டி ஏறாது. எனக்கும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போன வாரம் மதினியிடம் போனில் பெருமையாக வேறு சொன்னேன், அண்ணனுக்காக இந்த வருஷம் நானும் எதுவும் சுடப்போவதில்லை என்று.

மதினி உடனே கேட்டாள்:

"நீ இன்னொரு வீட்டுக்குக் கட்டிக்குடுத்த பிள்ள, கோமு, உனக்கு என்ன தடை இருக்கு? நீயும் சுடலன்னா எங்களுக்கு யாரு கொண்டாந்து தருவா?"

வெட்கமாகப் போயிற்று. துக்க வீட்டுக்கு முதல் பலகாரம் கூடப்பிறந்தவள் கையால் வரவேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தருவதை வாங்கவேண்டும் என்பது நம் குடும்பத்து வழக்கம். அப்பா இறந்த வருஷம் அத்தை பனவடலிசத்திரத்திலிருந்து தூக்குச்சட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாளே, நீதானே ஓடிப்போய் வாங்கினாய்? அதை எப்படி மறந்தேன்?

பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். உன் மகள் செல்வி குறுக்கே வந்து, பார்சல் எதற்கு, நீங்கள் வாருங்கள் அத்தை என்றாள். அவளுக்கு எல்லாம் சுலபம். உன்னை வழியனுப்பக்கூட வராதவள் நான். விசா நீட்டிப்புக்குக் கொடுத்திருந்த நேரம்; நாட்டை விட்டுக் கிளம்பினால் வேலை போய்விடும் என்றார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொண்டு உன்னைப் போனில் பார்த்தேன். மதினி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நீயாவது திட்டுவாயா?

நாலு நாள் லீவு கிடைத்துவிட்டது. நாளை மறுநாள் விமானம். பயறுமாவைப் பாகில் உருட்டிச் சுடும் முந்திரிக்கொத்து சீக்கிரம் கெடாது, அதனால் அதைத்தான் சுடுகிறேன். முந்தாநாள் பாகு முற்றி உருண்டை கல்லாகிவிட்டது. நேற்று இளகி எண்ணெயில் பிரிந்துபோனது. வருஷாவருஷம் வீடியோவில் இதைப் பார்த்துச் சிரிக்க நீ இருந்தாய். "ஏட்டி, கொத்துன்னா மூணு உருண்டையும் சேந்துல்லா இருக்கணும்?" என்பாய். இப்போது எப்படிச் சுட்டாலும் கேட்க ஆளில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு உன்மேல் கோபம்தான் அண்ணே.

வீட்டு வாசலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பழக்கத்தில் உன்னைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வேன்? மதினி முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இருந்தாலும் வருகிறேன். தீபாவளியன்று விடிந்ததும், உடைந்ததோ ஒட்டியதோ, முதல் பலகாரத்தை மதினி கையில் கொடுப்பேன். அண்ணன் செத்த அன்றைக்கு வராதவள்தான் வந்திருக்கிறேன் என்று என் வாயாலேயே சொல்லித்தான் கொடுப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமு