மூன்று வரியும் நான்கு பக்கமும்

இன்று காலை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் இரண்டு விண்ணப்பங்களைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றின் ஓரத்தில் தோசை எண்ணெய் பட்டுவிட்டது. கோலாலம்பூரைத் தாண்டி ரவாங்கில் அவளுக்கு ரவிக்கை விற்கும் கடை இருக்கிறது. இப்போது பாதி வியாபாரம் இணையத்தில்தான். யாராவது கைப்பேசியில் தேடினால் தன் கடை முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது அவள் கவலை. அதற்கு எழுத ஒரு ஆள் வேண்டுமாம். வந்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி கன்டென்ட் ரைட்டர், எதையும் விளக்கமாகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள். மற்றவள் காப்பிரைட்டர், ஒரே வரியில் ஆளை இழுக்கிறவள்.

"ஒருத்தரத்தான்மா எடுக்க முடியும். யார எடுக்கறது, நீங்களே சொல்லுங்க," என்றாள்.

எனக்குத் தோசை இறங்கவில்லை. இதே கேள்வியின் முன்னால், தோழி, நானும் நீயும் நின்றிருக்கிறோம், ஆனால் வேலைக்கு எடுக்கிறவர்களாக அல்ல. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. செய்தி வந்த அன்று அழுதேன், அதன் பிறகு வேலைகளுக்குள் புகுந்துகொண்டேன். இன்றைக்கு அந்தக் காகிதங்களைப் பார்த்ததும் உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது நம் முதலாளியின் டிரைவிங் ஸ்கூல். எல் போர்டு மாட்டிய இரண்டு கார், மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு நகலெடுக்கும் இயந்திரம், நாம் இருவர். நான் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வருகிறவள். நீ சுங்கை பெசார்க்காரி, அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாய். நான் வாய் திறக்காமல் குறித்துக்கொள்கிறவள். நீ மாடிப்படியில் ஏறும்போதே கீழே காப்பிக் கடையில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசுகிறவள். முதல் நாளே எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை, மூன்றாம் நாள் உன்னோடுதான் சாப்பிட்டேன்.

கவுன்டருக்கு அடியில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். உள்ளே வருகிறவர்கள் கேட்பதை அப்படியே, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வைப்பேன். பஸ்ஸில் வரும்போது பின் இருக்கையில் பேசிக்கொள்வதையும் எழுதுவேன். ஒருவர்கூட "எது நல்ல டிரைவிங் ஸ்கூல்?" என்று கேட்டதில்லை. "எழுதப் படிக்கத் தெரியாதவன் எடுக்க முடியுமா?" "செவப்பு ஐசிக்குக் குடுப்பாங்களா?" "பொம்பளைங்க எடுக்கலாமா?" இவைதான் கேள்விகள்; குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் அன்று எத்தனை பேர்! நீ அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

"இத வெச்சி என்னா பண்ணப் போற, கமலா?"

"தேடி வர்றவங்க என்னா தேடறாங்கன்னு தெரியணும்ல?"

"அவங்க தேடற வரைக்கும் நாம உக்காந்திருந்தா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான் லா. நாமதான் கூப்புடணும்."

நம் சண்டை அத்தனையும் இதற்குள் அடங்கிவிடும். நீ மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டாய். மூன்று வரியைத் தாண்டினால் நமக்கு நாமே எழுதிக்கொள்கிறோம் என்பது உன் கட்சி. எனக்கோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கூப்பிடுவது மரியாதைக் குறைவு.

அந்த வருடம் எதிர் வரிசையில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் திறந்தார்கள். நம் மாடிப்படியில் காலடிச் சத்தம் குறைந்தது. ஒரு நாள் முதலாளி நம்மை உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேர வெச்சி என்னால ஓட்ட முடியலம்மா. ஆளுக்கொரு நோட்டீஸ் எழுதுங்க. ஆளுக்கொரு எஸ்டேட்டுக்கு அனுப்பறேன். யாரோட நோட்டீஸுக்கு ஆள் வருதோ, அவங்க இருங்க." அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நிலைமை உனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கண் பார்வை போய், பால் மரம் சீவுவதை நிறுத்திவிட்டிருந்தார். அம்மா மட்டும் புல் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் மறுநாளே நானும் அம்மா பின்னால் வெளிக்காட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். பள்ளியில் அஞ்சாம் பாரம் முடித்த பெண் என்று லயத்து வீடெல்லாம் அப்பா பெருமையாகச் சொல்லித் திரிந்ததெல்லாம் அதோடு தீர்ந்துவிடும்.

நான் நான்கு பக்கம் எழுதினேன். லைசென்ஸ் எடுக்க நினைப்பவர்கள் கேட்கும் இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பதில். எந்த பஸ், என்ன காகிதம், அதிகாரி எதிரில் உட்காரவைத்து என்ன கேட்பார், தோற்றால் என்ன ஆகும். ஸ்டென்சிலில் வெட்டி நகலெடுத்தபோது கை எல்லாம் மை.

நீ தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நோட்டீஸா, கல்யாணப் பத்திரிகையில போடற மாமன் மச்சான் லிஸ்டா?" என்றாய்.

உன்னுடையது இவ்வளவுதான்:

பஸ்ஸுக்குக் காத்திருந்தது போதும்.
லைசென்ஸ் எடு.
ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வா.

கீழே நம் முகவரி. இரண்டு முறை படித்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் நின்ற நாளெல்லாம் அந்த முதல் வரியில் இருந்தது. நான் தோற்றுவிட்டேன் என்று அப்போதே நினைத்தேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு என் நோட்டீஸ் போன எஸ்டேட்டிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர், அதுவும் வழி கேட்க. என் நான்கு பக்கத்தை அங்கே கணக்கு எழுதும் கிராணி மரியாதையாக அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். பலகையில் குத்தியதை எஸ்டேட்டில் யார் நின்று படிக்கிறார்கள்? நான் எஸ்டேட்டிலேயே பிறந்தவள், எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

ஒன்பதே காலுக்குக் கீழே லோரி வந்து நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். முப்பது பேருக்குக் குறையாது. ஆண்கள், பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு இரண்டு பேர். முதலாளி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. திரும்பி உன்னிடம், "இனி யோசிக்க என்னா இருக்கு? நீ இரும்மா," என்றார். என்னிடம், "நீ மாசக் கடைசி வரைக்கும் வந்துட்டுப் போ," என்றார். நான் தலையாட்டினேன். அழக்கூடாது என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நாம் மூவரும் கீழே இறங்கினோம். அவர்கள் கடை முன் அஞ்சடி நடைபாதையில் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், முதல் வரிசை ஆண்கள், பின்னால் பெண்கள். முன்னால் நின்ற பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டார்.

"பேரு எப்பங்க கூப்புடுவீங்க?"

"என்ன பேரு?"

"பெரட்டுல மண்டோரு படிச்சாருங்க. லைசென்ஸ் எடு, ஞாயித்துக்கிழம ஒம்போது மணிக்கு வான்னு. தொர உத்தரவுன்னு வந்துட்டோம். வராதவங்களுக்கு அர நாள் சம்பளம் வெட்டுங்களா?"

உன் மூன்று வரியை அந்த எஸ்டேட் கிராணி பலகையில் குத்தவில்லை. வேலை வாங்கும் மண்டோரிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை விடியற்காலை பெரட்டில், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கு எடுக்கும்போது வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பெரட்டில் மண்டோர் வாசிப்பது எல்லாம் உத்தரவு. அங்கே எடு என்றால் எடுக்க வேண்டும், வா என்றால் வர வேண்டும். வேறு விதமாக நினைக்க அவர்களுக்கு ஒரு நாளும் இடம் இருந்ததில்லை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். இது உத்தரவு இல்லை, விருப்பப்பட்டவர்கள் மட்டும் எடுக்கலாம் என்று சொன்னதும் அந்தக் கூட்டத்துக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! வரிசை கலைந்தது. "அப்ப மார்க்கெட்டு போலாம்டி, மீன் வாங்கிக்கலாம்," என்று ஒரு அக்காள் சொன்னாள். லோரிக்காரரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று பேசிக்கொண்டே நகர ஆரம்பித்தார்கள்.

அப்போது நீ சும்மா இருந்திருக்கலாம். முதலாளி வாயால் வேலை உனக்கு என்று சொல்லியாகிவிட்டது. வந்த கூட்டம் எதற்காக வந்தால் என்ன, உன் வரிக்கு வந்தது. ஆனால் நீ இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினாய். திரும்பி வரும்போது கையில் என் நான்கு பக்கம். மூன்றாவது படியில் ஏறி நின்று, அந்தத் தொண்டையைத் திறந்தாய்.

"முதல் கேள்வி! எழுதப் படிக்கத் தெரியாதவங்க லைசென்ஸ் எடுக்க முடியுமா?"

பெரியவர் திரும்பினார்.

"முடியும்! அதிகாரி கேக்கறதுக்கு வாயால பதில் சொன்னா போதும்!"

நான் எழுதிய தமிழை நீ வாசிக்கும்போதே எஸ்டேட் பேச்சாக மாற்றிக்கொண்டே போனாய். ஒரு பதிலைக்கூட விடவில்லை. சிவப்பு ஐசி கேள்விக்கு மீன் வாங்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். ஒன்பதாம் கேள்விக்கு நீ வேண்டுமென்றே ஒரு மூச்சு நிறுத்தினாய்.

"பொம்பளைங்க எடுக்கலாமா? எடுக்கலாம்! சேல வேணாம், சிலுவாரு போட்டுக்கிட்டு வாங்க. புருசன் கையெழுத்து வேணுமா? வேணாம்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இடுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி முன்னால் வந்தாள். அன்றைக்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள், அதில் நான்கு பேர் பெண்கள். நான்தான் பெயர்களை எழுதினேன்.

லோரி போனதும் முதலாளி உன்னைப் பாராட்ட வந்தார். நீ அவரைப் பேச விடவில்லை. "மொதலாளி, ஆளக் கொண்டாந்தது என் நோட்டீஸ் இல்ல, மண்டோரு. அது உத்தரவு இல்லன்னதும் ஒருத்தரும் நிக்கல. நிக்க வெச்சது கமலா எழுதுனது. என்னத விட இது நல்ல எழுத்து. இவள வெச்சிக்குங்க." சொல்லிவிட்டு என் பக்கங்களை மேசையில் தட்டி அடுக்கி வைத்தாய். உன் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். பசி மட்டும்தான் இருந்தது. "வா, கீழ போயி மீ கோரேங் சாப்புடலாம்," என்றாய்.

மாதக் கடைசியில் நீ ரவாங்கில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனாய். பிறகு கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். உன் மூன்று வரிகளைப் பத்திரிகையில் பெயரில்லாமலே அடையாளம் கண்டுபிடிப்பேன். நான் நம் ஸ்கூலில் இருந்துகொண்டு கெர்லிங் எஸ்டேட்டுக்கும் உன் ஊருக்கும் கேள்வி பதில் எழுதி அனுப்பினேன். பலகையில் குத்த வேண்டாம், யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும் என்று மேலே எழுதிவிடுவேன். பெண்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவதைப் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். பிறகு நானும் ஒரு மோட்டாரில் போனேன்.

ஆனால் ஒரு முள் இருந்தது. என் அப்பாவுக்குக் கண் போனது உனக்குத் தெரியும், என் வீட்டு நிலைமை தெரியும். நீ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தாய் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். யாராவது என் எழுத்தைப் புகழ்ந்தால், இது இரக்கத்தில் கிடைத்த இடம் என்று உள்ளே ஒன்று சொல்லும்.

கெர்லிங்கில் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பார்த்தேன். உனக்கும் நரை, எனக்கும் நரை. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில், "அன்னைக்கு எனக்காக நீ வேலைய விட்டுட்ட. ஒரு நன்றிகூட நான் சொல்லல," என்றேன்.

உனக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஈரக் கையோடு திரும்பினாய்.

"ஒனக்காகவா? யாரு சொன்னா? எனக்கும் சோறு வேணும்ல அப்ப? அத்த வீட்டுல எத்தன நாள் சும்மா உக்காந்து திங்க முடியும்? ஒன் எழுத்து நல்லா இருந்துச்சி, அதச் சொன்னேன். நல்லா இல்லன்னா நானேதான் வேலையில நின்னுருப்பேன், நீ அழுதாலும் நின்னுருப்பேன்." பிறகு சிரித்துவிட்டு, "ஆனா நாலு பக்கம் ரொம்ப நீளம் லா," என்றாய்.

அன்று வீடு திரும்பும்வரை காரில் தனியாகச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தேன். அவ்வளவு பெருமையாக நான் என் வாழ்க்கையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கடைக்கு ஆளே வரவில்லை என்றால் கூப்பிடத் தெரிந்தவளை எடு. வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றால் பதில் சொல்லத் தெரிந்தவளை எடு. முதலில் உன் கடை எந்தக் கடை என்று பார். அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். முடிந்தால் இருவரையும் எடுத்துக்கொள் என்றும் சொல்லிப் பார்த்தேன். நம் முதலாளி போலவே கண்ணாடியைத் துடைத்தாள்.

என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டுகளுக்குக் குறைவில்லை. சொன்னவர்கள் யாருக்கும் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஜெயித்த இடத்தில் நின்றுகொண்டு, உன்னுடையதைவிட என்னுடையது நல்லது என்று சொல்லி, சொன்னதற்காக வேலையையும் இழந்தவள் நீ ஒருத்திதான். உன் தோழி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இன்றைக்கும் ஒரு பக்கம் எழுதி முடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசிக்கிறேன். இதைக் கேட்டிருந்தால் என்னுடையதுதான் நல்லது என்று நீ வேலையை விட்டுப் போயிருப்பாயா, நீயே வேலையில் நின்றிருப்பாயா என்று யோசிக்கிறேன். நின்றிருப்பாய் என்று தோன்றினால், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.