புகைபோக்கிக்குப் போர்த்திய புடவை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் வீட்டில் புகைபோக்கியின் தகர மூடி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. நேற்று கூரை வேலைக்காரர் புது மூடி மாட்டினார். என் அறைக் கணப்பில் அவர் தீ மூட்டிப் பார்த்தால், புகை முழுக்க உள்ளேயே திரும்பியது.

"ஒரு மூடியை ஒழுங்கா மாட்டத் தெரியலையா?" என்று வீட்டுக்கார அம்மா அவரை விளாசினார். மனிதர் ஈர ஏணியில் மறுபடி ஏறினார்.

எனக்குக் காரணம் தெரியும், அம்மா. குளிர்காற்று இறங்குகிறதென்று நீ கொடுத்த நீலப் புடவையைப் புகைக்குழாயில் அடைத்து வைத்தது நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவர் கீழிருந்து கொக்கி விட்டுப் புடவையை இழுத்தெடுத்தார். "புகைபோக்கிக்குக் குளிருதுன்னு போத்திவிட்டீங்களாக்கா?" என்று என்னைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இரவெல்லாம் அதுதான் உறுத்தியது.

பயப்படாதே, புடவையில் கரிதான் பிடித்தது. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

மூடிக்குப் பெயின்ட் அடிக்க அவர் வந்துவிட்டார். ஏணி சாத்தும் சத்தம் கேட்கிறது. ஏறுவதற்குள் போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

உன் மகள்