வெள்ளை வரி காலை, சாம்பல் வரி மதியம்

ஆடி 6, செவ்வாய், இரவு

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் ஆபரேஷன் லிஸ்ட் போடுவது நான்தான். ஒன்றுவிட்டு ஒரு வரிக்குச் சாம்பல் நிறம் அடிப்பேன். வெள்ளை வரியில் இருப்பவர் காலையில் வர வேண்டும், சாம்பல் வரியில் இருப்பவர் மதியம். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நர்ஸ் மேரி அக்கா ஒவ்வொருவருக்கும் போன் போடுவார்.

நேற்று மொத்த லிஸ்ட்டுக்கும் நிறம் அடித்துவிட்டு, அப்புறம் இன்றைக்கு வரவேண்டியவர்களை மட்டும் வைத்து மற்ற வரிகளை மறைத்து ஃபில்டர் செய்தேன். மறைந்த வரிகளோடு வெள்ளையும் போய்விட்டது. மிஞ்சிய பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் சாம்பல். பிரிண்ட் எடுக்கும்போது நான் பார்க்கவே இல்லை.

காலையில் இரண்டு பேருக்கு முடிந்ததும் தியேட்டர் காலியாகக் கிடந்தது. மதியம் பத்துப் பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள். டாக்டர் நான்கு பேருக்கு முடித்துவிட்டுக் கிளம்பினார். மற்ற ஆறு பேருக்கும் இனி அடுத்த மாதம்தான்.

“நீ அடிச்ச கலரப் பாத்துதானடி கூப்ட்டேன்” என்றார் மேரி அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஆறு பேரில் குருசுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர். மகள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். “காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடலம்மா. வெள்ளைங்கிறாங்க, சாம்பல்ங்கிறாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது?” என்றார்.

வீட்டுக்கு வந்து அதே லிஸ்ட்டைத் திறந்தேன். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் எண்ணி நிறம் அடிக்க ஒரு ஃபார்முலா இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. போட்டதும் வெள்ளை, சாம்பல், வெள்ளை என்று அழகாக விழுந்தது.

பெரியவர் பெயர்தான் முதல் வரி. வெள்ளை.