பயம் போக ஒரு படம்

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்றும் ஆதிரா எழுப்பிவிட்டாள். அதே அலறல், அதே ஈரப் பாய். ஆகஸ்டில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்காவின் அடுப்படிச் சுவரை யானை இடித்துத் தள்ளியதிலிருந்து இப்படித்தான். எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சத்தம் பிள்ளையின் காதை விட்டு இன்னும் போகவில்லை. ஐந்து வயதில் அவள்தான் என்ன செய்வாள்?

பாயைக் காயப்போட்டுவிட்டுத் தேயிலை ஃபாக்டரிக்குப் போனால் பாக்கிங் மேசையில் தலை சாய்கிறது. சூப்பர்வைசர் சந்துரு பார்த்துவிட்டான். "அக்கா, தூக்கம் போகட்டும்னுதான் ஊரே இந்தத் தூளப் போட்டுக் குடிக்குது. நீங்க அதுமேலயே படுத்துத் தூங்குறீக."

பதிலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஆதிராவின் அப்பா குமுளியிலிருந்து வரும்போதே ஒரு யோசனையோடு வந்தார். கம்பத்தில் ஒரு படம் ஓடுகிறதாம். காட்டில் வழி தவறிய சின்னப் பெண்ணை ஒரு யானை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஆறு கடந்து, புலியை விரட்டி, ஊரில் கொண்டுவந்து சேர்க்கிறதாம். யானைக்குப் பெயர் பூந்தி. ஆதிராவின் பிறந்தநாளுக்கு அந்தப் படம்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"பாத்தா பயம் தெளிஞ்சிரும் சங்கரி. பிள்ளையும் தூங்கும், நீயும் தூங்குவ."

"ஏழு வயசுக்கு மேலன்னு போட்டிருக்காகளே?"

"அது சும்மா. பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கலாம்னு அர்த்தம்."

சரி, பெத்தவள் முடிவு பண்ணுகிறேன் என்றேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜீப்பில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போய், தூரத்தில் நிற்கிற யானையைக் காட்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. யானை தென்பட்ட நாள் அவருக்கு நல்ல நாள். நான் அந்தி சாய்ந்தால் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவள்.

அக்டோபர் 11, சனி

அங்கன்வாடி சிஞ்சு டீச்சரிடம் கேட்டேன். மொபைலில் டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "புலி வர்ற சீன்ல குட்டி பேடிக்குமோன்னு மட்டும் நோக்கணும் சங்கரி" என்றார் தன் மலையாளத் தமிழில்.

"பயந்தா பரவால்ல டீச்சர். மடியில போட்டுக்கிடுவேன். பயப்படாமப் போயிட்டா?"

டீச்சருக்குப் புரியவில்லை. அவர் வீடு டவுனில். எங்கள் லயத்தில் பொழுது சாய்ந்தால் யானை என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. பெரியவர் என்றுதான் சொல்வோம். 'பெரியவர் ஓடைப் பக்கம் நிக்கார்' என்று யானை நடமாட்டம் பார்க்கிற வாச்சர் அருள்குமார் வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் வாசல் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிடுவோம். பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிக்கொள்கின்றன. வேலி கட்டித் தருகிறோம் என்று எஸ்டேட் ஆபிஸில் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்விட்டன. இப்போதைக்குப் பிள்ளைகளுக்கு இருக்கிற வேலி அந்தப் பயம்தான்.

அதையும் ஒரு படத்தைக் காட்டி நானே பிடுங்குவதா?

ஆனால் எனக்குத் தூக்கம் வேண்டும். அதுவும் நிஜம்தானே.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றும் பாய் நனைந்தது. இன்று மழை, காயவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

லீவு போட்டுவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். ஆதிராவுக்குப் பிறந்தநாள் கவுன் எடுக்க என்று வீட்டில் சொல்லிவிட்டு, அப்படியே மதியக் காட்சியில் போய் உட்கார்ந்தேன். நாமே பார்த்து முடிவு செய்வோம், அடுத்தவர் பேச்சு எதற்கு என்று.

டைட்டில் போட்டார்கள். அந்தப் பெண் ரயிலிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. இருட்டு, குளிர்ந்த காற்று, மெத்து மெத்தென்ற சீட்டு. என்னை எழுப்ப அங்கே யாருமில்லை. கைதட்டல் சத்தத்தில்தான் முழித்தேன். திரையில் அந்தப் பெண் யானையின் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்துத் தேய்க்கிறாள். என் கண்ணிலும் தண்ணீர். படம் நல்ல படமா, தூக்கம் நல்ல தூக்கமா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன், "பாத்துட்டேன். கூட்டிட்டுப் போகலாம்."

முழுசாகப் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தத் தூக்கத்தின் ருசியில்தான் முடிவு செய்தேன். இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆதிராவுக்கு ஆறு வயது ஆகிவிட்டது. மஞ்சள் கவுன். மலையிறங்கும்போது பஸ்ஸிலேயே வாந்தி, கவுன் பாழ்.

புலி வந்தபோது அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யானை வந்தபோது விறைத்துப்போய் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. அப்புறம் மெதுவாக விட்டாள். கடைசியில் சீட்டின் மேல் ஏறி நின்று "பூந்தி! பூந்தி!" என்று கத்தினாள். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

நான் தூங்கிப்போன பகுதியில் ஒரு காட்சி. பூந்தி கோபமாகக் காதை விரித்துக்கொண்டு ஓடி வருகிறது. அந்தப் பெண் ஓடாமல் நின்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுகிறாள். பூந்தி நின்று, வாங்கித் தின்கிறது. தியேட்டரே கைதட்டியது.

அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் கூட்டி வந்திருப்பேனா?

அக்டோபர் 30, வியாழன்

தூங்குகிறாள்! அடித்துப்போட்ட மாதிரி விடிய விடியத் தூங்குகிறாள். பாய் காய்ந்தே கிடக்கிறது. நானும் தூங்கினேன். சந்துரு, "என்னக்கா, மொகத்துல களை வந்துருச்சு?" என்றான். நான்தான் இல்லாததை எல்லாம் நினைத்துக் குழம்பியிருக்கிறேன். அவர் சொன்னதே சரி என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

விளக்கு வைக்கிற நேரத்தில் அருள்குமாரின் குரல் வந்தது. பெரியவர் மேல் லயத்துக்குப் பின்னால் நிற்கிறாராம். எல்லாரும் கதவைச் சாத்தினோம். ஆதிரா ஜன்னலுக்கு ஓடினாள்.

"பூந்தியாம்மா? பூந்தி வந்திருக்கா?"

"சத்தம் போடாதட்டி. பெரியவரு."

"பூந்திம்மா அது!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

எழுதினால் மனசு ஆறுமா பார்க்கிறேன்.

காலையில் துணி துவைக்கப் பின்பக்கம் போனேன். துவைகல்லுக்குப் பக்கத்துச் சேற்றில் தடம். முறம் அகலம். உள்ளே மழைத்தண்ணீர் நிற்கிறது. கல்லுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே நான் ஒருத்தி குனிந்து நிற்கத்தான் இடம் உண்டு. அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றிருக்கிறது, நாங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் வந்தது? பின்பக்கம் ஒன்றுமே போடுவதில்லையே, சோற்றுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லையே என்று யோசித்துக்கொண்டே நிற்கிறேன். ஆதிரா பின்னாலேயே வந்து கைதட்டிக் குதிக்கிறாள். "பழத்தக் காணோம்! பூந்தி சாப்பிட்டுச்சும்மா!"

சாமிக்கு வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு. நேற்றுச் சாயங்காலமே கொண்டுபோய்க் கல்லின்மேல் வைத்திருக்கிறாள்.

"இன்னைக்கு நானே கையில குடுப்பேன்."

அறைந்துவிட்டேன். ஓங்கி. பிள்ளை அழக்கூட மறந்து என்னையே பார்த்தாள். அய்யோ, என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்! தூக்கம் வேணும், தூக்கம் வேணும்னு பிள்ளைய அது வாயில குடுக்கப் பாத்தேனே.

அவர் வந்து தடத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினார்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று முழுக்க அவளுக்குச் சொல்லிப் பார்த்தோம். அது சினிமா, இது நிஜம் என்றார் அவர். "பூந்தி நல்ல ஆனைப்பா" என்கிறாள். அறைந்ததற்கு என்மேல்தான் கோபமே தவிர யானைமேல் துளிப் பயமில்லை.

இன்று அவளைக் கூட்டிக்கொண்டு ராமுத்தாய் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் பெரியமுத்து அண்ணன் இறந்தபோது ஆதிரா கைக்குழந்தை. எப்படிச் செத்தார் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று லயம் முழுக்க நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏட்டி சங்கரி, பச்சப் பிள்ளைகிட்ட இதப் போய்ச் சொல்லவா?"

"சொல்லுங்கக்கா. எனக்கு வேற வழி தெரியல."

அக்கா பரணிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து ஆதிராவின் மடியில் வைத்தார். தட்டு மாதிரி நசுங்கியிருந்தது.

"இது உங்க பெரியப்பா சோறு கொண்டுபோனது."

"ஏன் இப்படி இருக்கு?"

"பெரியவரு மிதிச்சது."

ஆதிரா அதைத் தடவினாள். "பெரியப்பாவ?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏன் ஓடல பெரியம்மா?"

"தெனம் பாக்குற பெரியவருதானேன்னு நின்னுட்டாருத்தா. அவருக்குப் பயமே கெடையாது."

அதற்குமேல் அக்காவால் முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆதிரா தூக்குவாளியைக் கீழே வைக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் என்னைப் பார்த்தாள். ஏழு வயதுக்கு மேல் என்று போட்ட ஒரு படத்துக்கு எத்தனை பேரிடம் கேட்டேன், எத்தனை நாள் யோசித்தேன். இதைக் காட்ட யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 10, திங்கள்

சாயங்காலம் அவளே போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள். எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறினாள்.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று ராத்திரி அலறிக்கொண்டு எழுந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பெரியவரு" என்றாள்.

பூந்தி என்று சொல்லவில்லை.

இறுக்கி அணைத்துக்கொண்டேன். தேற்ற வேண்டிய நான் அழுதேன், சந்தோஷத்தில். இப்படியும் ஒரு தாய் உண்டா?

காலையில் பாயை அலசிக் கொடியில் போட்டுவிட்டு ஃபாக்டரிக்கு ஓடினேன். பாக்கிங் மேசையில் மறுபடி தலை சாய்ந்தது. சந்துரு சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.