விட்ட இடம், நின்ற இடம்

இந்த டெப்லட்டின் பின்புறத்தில் இன்னும் தையல் மெஷின் எண்ணெய் மணக்கிறது, ராத்தா. சுபஹ் தொழுத நேரத்திலிருந்து துடைக்கிறேன், போகிறதாக இல்லை. பத்து மணிக்குக் கொழும்பு அலுவலகத்தோடு ஒன்லைன் கூட்டம். படமும் நாடகமும் வீட்டிலிருந்தே பார்க்கிற எங்கள் ஆப்பின் முதல் திரையைப் புதிதாக்கப் போகிறார்கள். தமிழ்த் திரை என் பொறுப்பு. அதில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி இன்று நான் கேட்க வேண்டும். நீங்கள் இருக்கும்போதே என்னிடம் கேட்ட மாற்றம்தான் அது. நீங்கள் மவுத்தாகி நாலு மாதம் கழித்துக் கேட்கப் போகிறேன். நல்ல தம்பிதான் நான்.

இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி வாசலுக்குப் போகிறேன், திரும்ப வந்து கதிரையில் இருக்கிறேன், மறுபடி எழும்புகிறேன். ஆலங்குடாக் காற்று வழக்கம்போல மணலை வாரி ஜன்னலில் அடிக்கிறது. கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே ஓடுகிறார்கள். அவர்கள் தங்குகிற ஹோட்டல்களுக்கு நீங்கள் தைத்த தலையணை உறைகளில் கடைசிக் கட்டு அலுமாரியில்தான் கிடக்கிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை.

அன்றைக்கு இந்தத் திரையைக் காட்ட உங்களிடம் வந்ததும் ஆசையில் இல்லை. சாதாரண ஆட்கள் ஏழு பேரிடம் திரையைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆறு பேர் கிடைத்தார்கள். ஏழாவது ஆள் அகப்படவில்லை. நீங்களோ டெப்பை மெஷினில் சாய்த்து வைத்து, பள்ளிக்கூட உடுப்புத் தைத்துக்கொண்டே நாடகம் பார்க்கிற ஆள். சரி, இதுவும் ஒரு ஆள்தானே என்று நீட்டினேன். உங்களைப் பற்றி நான் நினைத்தது அவ்வளவுதான்.

திறந்ததும் மேலே இருந்த பெரிய படம் தன்பாட்டில் கத்தத் தொடங்கியது. நீங்கள் பதறிப்போய்க் கையிலிருந்த துணியைத் தூக்கி அதன்மேல் போட்டீர்கள். பிறகு துணியை மெல்ல விலக்கிப் பார்த்து, மீன்வாடியில் கூறு போட்ட மாதிரி ஏன் இத்தனை படத்தைப் பரப்பி வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். 'முகப்பு' என்பது கடைப் பெயரா என்றும் கேட்டீர்கள். எனக்கு எரிச்சல். சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். எட்டு மாத வேலை அது, அதைப் போய் மீன்கூறு என்றால் எப்படி இருக்கும்?

அப்புறம்தான் அந்த வரிசைக்கு வந்தீர்கள். பாதி பார்த்த நாடகங்களை நிரையாகக் காட்டுகிற வரிசை. அதன் தலைப்பு என்னுடைய சொல்தான்: 'விட்ட இடத்திலிருந்து'. அதில் எனக்குப் பெருமை. மற்ற ஆப்களில் எல்லாம் ‘தொடர்ந்து பார்க்கவும்’ என்று அரசாங்கக் கடிதம்போல் எழுதியிருக்கும். நான் பேச்சுத் தமிழைப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்பு.

நீங்கள் இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தீர்கள். மெஷின் மிதிப்பதை நிறுத்தினீர்கள்.

"விட்ட எண்டா, நாங்களா விட்டது?"

நாடகத்தைச் சொல்கிறேன் என்றேன்.

"நானும் நாடகத்தத்தான் சொல்றன். நான் அத விடல்ல தம்பி. கரண்ட் போச்சு, நிண்டிச்சு. வாசல்ல ஆள் வந்தா எழும்பிப் போவேன், நிண்டிரும். விடுறது எண்டா வேணாமெண்டு விடுறது. நிண்ட இடம் எண்டு போடு."

நாடகத்தைத்தான் சொன்னீர்கள். ஆனால் நாடகத்தை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், ராத்தா. அதுதான் இன்று என்னை இருக்கவிடாமல் அடிக்கிறது. தொண்ணூறில் மன்னாரில் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர்கள் ஊரை விட்டுப் போகச் சொன்ன நேரத்தில் உங்களுக்குப் பதினொரு வயது. உம்மா உங்கள் முடியைப் பின்னிக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கம் பின்னி முடித்திருந்தார், மறுபக்கம் விரிந்து கிடந்தது. அப்படியே முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். புத்தளத்துக் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய பிறகுதான் மற்றப் பக்கத்தைப் பின்னினார்களாம். இதைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பீர்கள். இந்தப் பக்கம் மன்னார், அந்தப் பக்கம் புத்தளம் என்று இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டுக் காட்டுவீர்கள். நான் இங்கே பிறந்தவன். எனக்கு அது கேட்டுச் சிரிக்கிற கதை.

சண்டை முடிந்த பிறகு வாப்பாவோடு காணி பார்க்கப் போனீர்கள். காடாய்க் கிடந்தது. வீட்டு அத்திவாரத்தில் கொஞ்சம் தட்டுப்பட்டதாம். அன்று பின்னேரமே திரும்பி வந்து, எங்கே விட்டோமோ அங்கே ஒன்றுமில்லை என்று வாப்பா சொன்னபோது, "விட்டோம் எண்டு சொல்லாதீங்க வாப்பா" என்று நீங்கள் கோபப்பட்டது எனக்கு நல்ல ஞாபகம். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தச் சொல்லைத் திரையில் போட்டு, உங்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

சரி, தெரியாமல் போட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்டவுடன் மாற்றியிருக்கலாமே? அதற்குப் பதிலாக, அந்தச் சொல் அங்கே அடங்காது என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் திரையில் வைத்தீர்கள். 'விட்ட' என்பதை அளந்தீர்கள். பிறகு துணித்துண்டில் சோக்கால் அதே அளவு எழுத்தில் 'நின்ற' என்று எழுதி அதையும் அளந்தீர்கள்.

"ரெண்டும் மூணெழுத்து. பொய் சொல்றாய் என்ன?"

ஓம், பொய்தான். அது பிடிபட்டதும் அடுத்த பொய்யைச் சொன்னேன்: மேலே உள்ளவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள், இனி அசைக்க ஏலாது என்று. மேலே ஒருவரும் அந்தச் சொல்லைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. அது என்னுடைய சொல். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தைக்க இறங்கிய ராத்தா என் தமிழைத் திருத்துவதா என்ற திமிர். அந்த மெஷினில் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தீர்கள் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் அதற்குமேல் வாதாடவில்லை. நான் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "நான் பாஸா, பெயிலா?" என்று கேட்டீர்கள்.

பாஸ் என்றேன்.

அதே நேரம் என் விரல் எழுதிக்கொண்டிருந்தது: 'ஏழாவது பயனர், பெண், நாற்பதைத் தாண்டியவர். பாதி பார்த்தவற்றின் வரிசையை விளங்கிக்கொள்ளவில்லை. குழம்புகிறார்.' அந்த அறிக்கை இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது.

அதன் பிறகு அந்த வரிசையை நீங்கள் தொட்டதே இல்லை. ஒவ்வொரு தரமும் நாடகத்தை முதலிலிருந்து தேடி எடுத்தீர்கள். எத்தனையாம் பகுதி, எத்தனையாம் நிமிடம் என்று மெஷின் பலகையில் சோக்கால் எழுதி வைத்தீர்கள். நான் போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சிரிப்பேன். ஒரு தட்டில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடா என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் பலகையை அழித்துவிட்டுப் புது நிமிடத்தை எழுதுவீர்கள்.

பத்தாகிறது. எழும்புகிறேன்.

இப்போது பன்னிரண்டு மணி. கூட்டம் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் எழுதித் தயாராகத்தான் போனேன். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் சொல்ல நாலு காரணம் வைத்திருந்தேன். மறுத்தால் அந்த ஏழாவது பயனர் என் ராத்தா, அவர் குழம்பவில்லை, அறிக்கை பொய், எழுதியவன் நான் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவதென்றும் நினைத்திருந்தேன். தமிழ்த் திரைக்கு வந்ததும், 'விட்ட' என்பதை 'நின்ற' என்று மாற்ற வேண்டும் என்றேன். கூட்டத்தை நடத்துகிற பெண் திரையைப் பார்த்தார். "ஓம், அதுதானே சரி. மாத்துங்க," என்றார். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

யாராவது ஒருவர் மறுத்திருக்கலாம், ராத்தா. ஏலாது, இடமில்லை, மேலே முடிவெடுத்தாயிற்று என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால், நீங்கள் கேட்ட அன்றே நான் கேட்டிருந்தாலும் நடந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

ஒருவரும் மறுக்கவில்லை.