பக்கத்து போரின் நீர்மட்டம்

ஆகஸ்ட் 12
தோட்டத்து போர் கிணற்றை ஆழப்படுத்திக் கூடுதல் தண்ணீர் எடுக்க நீர்வளத் துறையிடம் உரிமம் கேட்டது மார்ச்சில். மூன்று மாதத்தில் முடிவு என்று இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு தகவலும் இல்லை. இங்கே டிசம்பரில் கோடை தொடங்கிவிடும்; அதற்குள் வராவிட்டால் ஆரஞ்சு மரங்கள் போச்சு.

இன்று பேசிய ஒரே ஆள் தபால்காரர். "குளிருது" என்றார். "ஆமா" என்றேன்.

செப்டம்பர் 2
பொறுக்க முடியாமல் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். ப்ரான்வின் என்ற பெண் எடுத்தாள்.

"பக்கத்து போரோட நீர்மட்டம் கேட்டிருந்தோமே ஹேசல்? அது வர்ற வரைக்கும் அந்த மூணு மாசக் கணக்கு ஓடாது. நாங்க உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

கேட்டார்கள்தான், ஏப்ரலிலேயே. அது இல்லாமலே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து போர் லெஸ்டருடையது. என் கணவர் கென் உயிரோடு இருந்தபோது, பப்பில் எல்லோர் முன்னாலும் லெஸ்டரைத் தண்ணீர்த் திருடன் என்றார். அதோடு பேச்சு நின்றது. இப்போது எந்த முகத்தோடு போவேன்?

செப்டம்பர் 9
வேலி வரை போனேன். திரும்பி வந்தேன். ரேடியோவில் பழ விலை சொல்பவனோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்தேன். ச்சே, என்ன பிழைப்பு இது.

செப்டம்பர் 20
போய்விட்டேன். லெஸ்டர் கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

"திருடன் வீட்டுல உனக்கென்ன வேலை?"

சொன்னேன். அழுதும் தொலைத்தேன்.

"சரி, உள்ள வா. டீ போடறேன்."

அக்டோபர் 4
சோதனை நாள். என் பம்பை ஓடவிட்டு, அவர் போரில் அளவு நாடாவை இறக்கினார். நாடாவின் நுனியில் குழிவான ஒரு எடை. தண்ணீரைத் தொட்டால் 'ப்ளாப்' என்னும். ஒவ்வொரு தடவையும் சத்தம் இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. என் பம்பு அவர் தண்ணீரை இழுக்கிறது — இத்தனை வருடமும் இழுத்திருக்கிறது! கென், திருடனுங்க நாமதான்.

லெஸ்டர் நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மட்டம் எறங்கினதைக் கொஞ்சம் கொறச்சு எழுதிக்க. எனக்கு நாலு ஆடுதான், சமாளிச்சுக்குவேன்."

ஆசையாகத்தான் இருந்தது. உள்ளதையே எழுதினேன்.

டிசம்பர் 11
உரிமம் வந்தது. கேட்டதில் பாதி. ஒரு நிபந்தனை: பம்பு போடும் முன் பக்கத்துக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜனவரி 22
கீழ்ப்பக்கத்து மரங்கள் காய்ந்துவிட்டன. அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.

காலையில் ஃபோன். "லெஸ்டர், பம்பு போடறேன்." "போடு." அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

மே 6
விடிந்ததிலிருந்து நல்ல மழை. பம்புக்கு வேலை இல்லை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கு ஃபோன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன ஹேசல், கொட்டற மழையில யாராவது பம்பு போடுவாங்களா?"

"போடல" என்றேன்.

"சரி" என்றார். ஃபோனை வைக்கவில்லை.